டயல் விளக்கும் ஒரு சிவப்பு ஒயரும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. இம்மி பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். அவனுக்கு இதுவரை பிசகியதில்லை. அந்தக் கர்வத்தைக் கடையோடு விட்டுவிட்டு வர அவனால் முடியவில்லை. குழாய் ஒழுகினாலும் மின்விசிறி முனகினாலும் ஆள் கூப்பிட விடமாட்டான். ஸ்குரூடிரைவரும் கையுமாகத் தானே உட்கார்ந்துவிடுவான். "உங்க வைத்தியத்துலேருந்து தப்பிச்சது இந்த வீட்டுல நான் ஒருத்திதான்" என்று சிரிப்பாள் மனைவி. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள் அவள்.

அவளுக்கு ஒரே தம்பி. தன் கல்யாணத்தை அக்காவிடம் நேரில் சொல்லாமல் அடுத்தவர் கையில் பத்திரிகை கொடுத்தனுப்பினான். அவள் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இத்தனை வருடம் கழித்து அந்த வாரம் சித்தி போன் செய்து, "அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்குடி. ஞாயித்துக்கிழமை அவனே உன்கிட்டப் பேசுறானாம்" என்றாள். தம்பியிடம் இருந்தது அப்பா வீட்டுப் பழைய நம்பர் ஒன்றுதான். அப்பா காலத்து டெலிபோனை அதே நம்பரோடு அவள் தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் அது இருந்தது.

அந்த டெலிபோனின் டயலுக்குப் பின்னால் ஒரு குட்டி பல்பு உண்டு. சுவரில் செருகிய சின்ன அடாப்டரிலிருந்து அதற்குத் தனியாக மின்சாரம் வரும். ரிசீவரை எடுத்தால் எண்களெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அந்த வெளிச்சம் எப்போதோ போய்விட்டது. சித்தியிடம் பேசிவிட்டு வைத்த மனைவி, டயலைத் துணியால் துடைத்தபடி, "இதுல லைட்டு எரிஞ்சப்போ எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றாள். சும்மா சொன்னதுதான். அவன் மனதில் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் துணி எடுக்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து டெலிபோனைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினான். பல்பு நெல்மணி அளவுதான் இருந்தது, உள்ளே கருகிப்போயிருந்தது. அது உட்காரும் குழியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்ய இடம் போதவில்லை என்று குறுக்கே இருந்த சில ஒயர்களைக் கழற்றி ஒதுக்கினான். உப்புத்தாளால் தேய்த்தான். எலக்ட்ரிக் கடையில் வாங்கி வந்திருந்த குட்டி எல்.ஈ.டி. விளக்கைச் செருகினான். ஒயர்களைத் திரும்ப மாட்டியபோது சிவப்பு ஒயர் ஒன்று மிச்சமாக நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வரவில்லை. ரிசீவரை எடுத்துப் பார்த்தான். விளக்கு எரிந்தது, டயல் டோனும் வந்தது. கடைக்கு அடித்துப் பார்த்தான்; பேச முடிந்தது. பிறகென்ன என்று சிவப்பு ஒயரின் நுனியில் டேப் சுற்றி உள்ளே தள்ளி மூடிவிட்டான்.

திரும்பி வந்தவளிடம் ரிசீவரை எடுத்துக் காட்டினான். எரிந்த டயல்மேல் அவள் விரலை ஓட்டிப் பார்த்தாள். "நாளைக்கு அவன் பேசும்போது எரியும்ல?" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினைத் தொடவில்லை. அந்தச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று பயம். குளிக்கப் போனபோது அவனை ஸ்டூலுக்குப் பக்கத்தில் காவல் வைத்துவிட்டுப் போனாள். வெயில் சாய்ந்தது. மணி அடிக்கவில்லை.

"வேலை இருந்திருக்கும்" என்றாள் அவளே.

அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் வாயைக் கொடுத்தான். "என்ன வேலை? ஒரு போன் பண்ண முடியாத அளவுக்கா? மண்டைக்கனம் இன்னும் இறங்கலை அவனுக்கு. விடு, நமக்கு என்ன கொறைச்சல்?"

அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலையில் அவளே சித்திக்குப் போன் செய்து, "இனிமே அவன் பேரை என்கிட்ட எடுக்காதீங்க" என்று சொல்லி வைத்ததை, அவன் சட்டைப் பொத்தான் போட்டபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அன்று கடையில் வேலை நீண்டது. தாமதமாகும் என்று சொல்ல வீட்டுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வீட்டுக்கு வந்து, "எங்க போயிருந்தே? போன் பண்ணேனே" என்றான்.

"எங்கயும் போகலையே. இங்கதான் உக்காந்து கை வேலை பாத்துட்டு இருந்தேன். மணி அடிக்கவே இல்லையே?"

அவனுக்குச் சிவப்பு ஒயர் ஞாபகம் வந்தது. "லைன் கோளாறா இருக்கும்" என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனபோது டெலிபோனைத் திறந்தான். டேப் சுற்றிய சிவப்பு ஒயரை இழுத்து, அது புறப்படும் இடம்வரை விரலால் தொடர்ந்தான். மணியை அடிக்க வைக்கும் கம்பிச்சுருளில் போய் முடிந்தது. இடம் கண்டுபிடித்து மாட்ட நேரம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் காவல் காத்தது ஊமை டெலிபோனை. மண்டைக்கனம் என்று அவன் ஏசிய தம்பி அந்த நேரத்தில் எங்கோ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருப்பான்.

இப்போது சரியாகிவிட்டது, தம்பி மறுபடி கூப்பிட்டால் அடிக்கும், எதற்குச் சொல்லிக்கொண்டு என்று ஒரு புத்தி சொன்னது. அதைத்தான் கேட்டான். அவள் இறங்கி வந்ததும் பால் வாங்கப் போவதாகக் கிளம்பினான். மாடிப்படித் திருப்பத்தில் நின்று, மணி அடிக்கிறதா என்று பார்க்கச் செல்போனிலிருந்து வீட்டுக்கு அடித்தான்.

கதவுக்கு உள்ளே மணி கணீரென்று அடித்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பாத்திரம் எதையோ போட்டுவிட்டு ஓடிவரும் காலடி கேட்டது. கட் செய்ய வேண்டியவன் செய்யவில்லை.

"ஹலோ?" என்றாள். அவன் வாய் திறக்கவில்லை.

"டேய்... நீயாடா? பேசுடா. அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லடா."

அந்தக் குரலை இந்த வீட்டில் அவன் கேட்டதே இல்லை. அவள் கல்யாணத்துக்கு முந்திய குரல் அது, அவனுக்கு உரியதல்ல. அவன் பொத்தானை அழுத்திவிட்டான்.

பால் வாங்காமலே உள்ளே போனான். அவள் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டயல் எரிந்துகொண்டிருந்தது. "அவன்தான். பேசாமலே வச்சுட்டான்" என்றாள்.

இனி தாங்காது என்று தெரிந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: ஒயர், டேப், கழற்றியது, மாட்டியது. சொல்லும்போதெல்லாம் அவள் டெலிபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இப்ப வந்தது?"

"நான்தான்."

"ஒயர் கழண்டது கைப்பிசகு. யாருக்கும் நடக்கும்" என்றாள் மெல்ல. "நான் அவனைக் கூப்பிடுறதைக் கேட்டுக்கிட்டே நின்னீங்களே, அதுக்கு என்ன பேரு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சித்திக்கு அடித்து நம்பர் கேட்டாள். ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். மறுமுனையில் தம்பிதான் எடுத்தான். ரிசீவரைத் தாண்டி அவன் குரல் அறைக்குள் கேட்டது.

"கூப்பிட்டேன்க்கா. காலைலயும் கூப்பிட்டேன், சாயங்காலமும் கூப்பிட்டேன். மணி போய்க்கிட்டே இருந்துச்சு. நீ பக்கத்துலயே உக்காந்து வேணும்னே எடுக்கலைன்னு நெனச்சேன். நேத்து சித்தி வேற, என் பேரையே எடுக்கக் கூடாதுன்னு நீ சொன்னதா சொன்னாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரு. மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று ரிசீவரை நீட்டினாள்.

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டான். "மாப்ளே, தப்பு என்னுது. லைட்டு போடறேன்னு மணியைக் கழட்டிட்டேன். தெரிஞ்சப்புறமும் மறைச்சேன். உன்னைப் பத்தித் தப்பாவும் பேசிட்டேன்."

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது.

"பரவால்ல மாமா" என்றான் தம்பி. "ஆனா அன்னிக்கு ராத்திரி கோவத்துல அக்காவைப் பத்தி என் வீட்டுக்காரிகிட்ட வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன். அவ இதுவரைக்கும் அக்காவைப் பாத்ததே இல்ல. அதை எப்படி இனி அழிக்கறது?"

"நானே வந்து அவகிட்டச் சொல்றேன்" என்றான் அவன். சொல்லிவிட்டானே தவிர, சொன்னால் அழியுமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். தம்பி வாசலுக்கே வந்து அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். தம்பி மனைவி குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பேச்சை அளந்துதான் பேசினாள். ஒயர் கதையை அவன் முழுதாகச் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டாள். "அப்படியாண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அக்காவும் தம்பியும் பழையபடி பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். மணி ஒழுங்காக அடிக்கிறது. ஆனால் அடிக்கும்போதெல்லாம், ரிசீவரை எடுக்குமுன் அவள் ஒரு தடவை திரும்பி அவன் கையைப் பார்க்கிறாள். அவனும் செல்போனை மேசைமேல் அவள் கண்ணில் படும்படி வைத்துவிடுகிறான்.