கதவு எழுதப்படாத வார்டு

சுரங்கக் கம்பெனியின் காய்ச்சல் வார்டு, ஒன்பது வருடம் அறிக்கையில் மட்டுமே இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டாம் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முந்தின நாள் வரை அங்கே பழைய டயர்கள் கிடந்தன. நாற்பது கட்டில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்குப் போதுமான மருந்து, நல்ல காற்றோட்டம் என்று அறிக்கையில் எழுதியிருந்த அத்தனையும் அதில் இருந்தது. எழுதாத எதுவும் இல்லை. கட்டடத்துக்குக் கதவு இருக்கிறது என்று எந்த அறிக்கையிலாவது யாராவது எழுதுவார்களா? அதனால் கதவு இல்லை. காற்றோட்டம் என்று எழுதியிருந்த புண்ணியத்தில் ஜன்னல்கள் மட்டும் ஏராளம்.

அறிக்கை எழுதுவது ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தியின் வேலை. எல்லோரும் அவளை அறிக்கையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தோண்டினோம், காற்றில் எவ்வளவு தூசியைக் கிளப்பினோம், தொற்று நோயாளிகள் எத்தனை பேர், நோய் பரவினால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் சுரங்கக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஊரறிய எழுதி கேட்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. அவள் போன வருடத்து அறிக்கையை எடுத்துவைத்து, தேதியை மட்டும் மாற்றி, அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டுவாள். படிக்க ஒரு ஈ காக்காய் வராது. இதில் தப்பு ஏதும் இருப்பதாக ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சரிபார்க்கும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, முதல் வேலையாக வார்டைக் காட்டச் சொல்லியிருந்தார். மயங்கி விழுந்துவிடலாமா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டே நடந்தபோதுதான் கட்டடம் கண்ணில் பட்டது. கதவைக் காணோமே என்று அதிகாரி கேட்டார். "புது மாடல் சார், கிருமி உள்ள வராது" என்றார் மேனேஜர். மனுஷனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அதிகாரி ஏணி போட்டு ஜன்னல் வழியாகக் கட்டில்களை எண்ணிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

பன்னிரண்டாம் நாள் சுரங்கத்தின் மூன்றாம் மட்டத்தில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் விழுந்தவர்களில் ஒருவன் அறிக்கையம்மாவின் புருஷன், பாறையில் துளை போடுகிறவன். நான்கு பேர் சேர்ந்து அவனை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி ஏழாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவள் தண்ணீர் டம்ளரோடு திரும்பியபோது கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் கூட இல்லை. ஆனால் இருமல் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கையை நீட்டினாள்; வெறும் காற்று, அடுப்பு மாதிரி கொதித்தது. நர்ஸ்களைக் கூவி அழைத்தாள். கட்டடத்தோடு கூடவே வந்தவர்கள் அந்த நர்ஸ்கள். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. இருவரும் ஒரே குரலில், "தொற்று நோயாளிகள்: இல்லை" என்றார்கள். ஊசியை எடுக்கவே இல்லை. அது அவள் எழுதிய வரி.

இரண்டே நாளில் காலிக் கட்டில்கள் முக்கால்வாசியும் இருமத் தொடங்கின. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏணியில் ஏறுவாள், காது கொடுப்பாள், இறங்கி ஆபீசுக்கு ஓடுவாள், பேனாவை எடுப்பாள், வைப்பாள். மேனேஜரிடம் போய் நின்றாள். "பதினாலு நாள்ல கப்பல் வருதும்மா. காய்ச்சல்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நம்ம சரக்க எவனும் தொட மாட்டான். அதுவரைக்கும் பொறுத்துக்க" என்றார். வேலை போனால் வீட்டில் உலை வைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் சும்மா திரும்பி வந்தாள். அந்த ஒரு நாளுக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மாமியார்தான் உடைத்துப் பேசினாள். "நீ எழுதினதுதானே? அப்ப நீயே மாத்து. எம் புள்ளை அங்க இருமிக்கிட்டுக் கிடக்கான், நீ இங்க பேனாவ உருட்டிக்கிட்டு இருக்கே!"

விடிந்ததும் விடியாததுமாக ஏணியில் ஏறி, கட்டில் கட்டிலாகக் கையை வைத்து எண்ணினாள். முப்பத்தாறு சூடாக இருந்தன. மூன்று கட்டில்களில் ஒன்றுமே இல்லை. பத்தொன்பதாம் நம்பர் மட்டும் சில்லிட்டிருந்தது. அது பம்ப் மாமாவின் கட்டில். சுரங்கத்துத் தண்ணீரை முப்பது வருடம் இறைத்தவர், முந்தின நாள் வரை எல்லோரையும்விடச் சத்தமாக இருமியவர். அவள் ஜன்னல் கட்டையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு போய் எழுதினாள். தொற்று நோயாளிகள்: முப்பத்தாறு. இறந்தவர்: ஒருவர். கதவு: ஒன்று, அகலமானது.

பசை காய்வதற்குள் கதவு வந்துவிட்டது. நர்ஸ்கள் ஊசியோடு ஓடினார்கள். பம்ப் மாமா தெரிந்தார், கண் திறந்தபடி. ஏழாம் கட்டிலில் அவள் புருஷன் தெரிந்தான், தாடி வளர்ந்திருந்தது. "எங்க போயிட்டே? கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே" என்றான். அவள் தண்ணீரைக் கொடுத்தாள்.

மேனேஜர் வந்து அந்தத் தாளைக் கிழித்தார், அவளை வேலையை விட்டு நிறுத்தினார். ஒன்றும் மறையவில்லை. அதற்குள் ஊர் ஜனம் முதல் தடவையாக அறிக்கையைப் படித்து, ஆளுக்கு ஒரு நகல் எழுதித் தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. கப்பல் வந்து, படித்துப் பார்த்துவிட்டு, வெறுமனே திரும்பிப் போனது. பிறகு அவளுக்கு உட்கார நேரமில்லை. காலையில் எண்ணுவாள், எழுதுவாள், ஒட்டுவாள். தெருக்கள் அதைப் பார்த்துத் தங்கள் நகல்களைத் திருத்திக்கொள்ளும்.

கப்பல் போன ஒன்பதாம் நாள் மேனேஜரே போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க அந்த அகலமான கதவு வழியாக வந்து நான்காம் கட்டிலில் படுத்தார். படுத்ததும் மறைந்துபோனார். விரிப்பு மட்டும் இருமியது. "அறிக்கையம்மா... அம்மா... நான் இங்கதான் இருக்கேன்."

அவள் பசை வாளியைக் கையில் எடுத்தாள்.

"தெரியுது சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க, எழுதிட்டு வந்துடறேன்."