வயல் விழாப் பலகை

டாக்டர் காசிராஜனுக்குக் கரிசல் மண் காலில் ஒட்டினால் பிடிக்காது. ஆனால் மானாவாரி விவசாயிகளுக்கு வழிகாட்ட வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அவர்தான் விஞ்ஞானி. நான் அழகுராஜா, அங்கே ஏழு வருஷமாகத் தற்காலிகப் பணியாள். வரப்பில் நின்று அவர் ஷூவைத் துடைக்கும் அழகைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

புரட்டாசியில் எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு வந்தார். புது ரகக் குதிரைவாலியை விதைத்துக் காட்ட ஜக்கம்மாள் அத்தையிடம் ஒரு ஏக்கர் கேட்டார். அவளுக்கு இருந்ததே இரண்டு ஏக்கர். நம்பி வடக்கு ஏக்கரைக் கொடுத்தாள். தெற்கு ஏக்கரில் தன் வீட்டு விதையை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டாள்.

"சார், இதையும் இப்பவே வெதைச்சிருங்க. மழை விழுந்துட்டா கரிசல்ல கால் வைக்க ஏலாது," என்றாள்.

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாரும்மா. அவர் கையாலதான் முதல் விதை. பேனர் எல்லாம் அடிச்சாச்சு," என்றார் டாக்டர்.

பேனர் அடித்த விஷயத்தை மழையிடம் யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை பிடித்து மூன்று நாள் ஊற்றியது. வெள்ளியன்று பெரிய அதிகாரி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் விதையை வீசினார், போட்டோவுக்குச் சிரித்தார், போய்விட்டார். மீதியை நாங்கள் வீசி முடித்தோம். விதை அழுகிப்போனது. வடக்கே நாலைந்து பயிர், மீதியெல்லாம் கோரை. தெற்கே அத்தையின் பயிர் இடுப்புயரம் நின்றது.

மார்கழியில், புது ரகத்தின் விளைச்சலை விவசாயிகளுக்குக் காட்ட வயல் விழா. பாலவனத்தம் வரைக்கும் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் நிறைய விவசாயிகளை வரவழைத்தார்கள். அன்று காலை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, 'புது ரகம்' என்று எழுதிய பலகையை வடக்கேயிருந்து பிடுங்கித் தெற்கில் நடச் சொன்னார். நட்டேன். என் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியல் அவர் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

அத்தைக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவள் பலகையைப் பார்த்தாள்.

"இது அவுக வெதை இல்லய்யா. எங்க வீட்டு வெதை, புழுதியில போட்டது. அவுக மழைக்குப் பெறகு போட்டது அந்தா வடக்க கெடக்கு. அவுக பேச்சைக் கேட்டு நீங்களும் காத்துக் கெடந்து கெட்டுப்போயிராதீக."

கூட்டம் சிரித்தது. டாக்டர் மைக்கை வாங்கினார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"லேபர் பலகையை மாத்தி நட்டுட்டான். சின்னத் தவறு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நெசமாவா அழகுராஜா? நீயாவா மாத்துன?" என்று கேட்டாள் அத்தை.

நாலு மாதமாக அந்த ஆளை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தவன் நான்.

"ஆமா அத்தை. தெரியாம நட்டுட்டேன்," என்றேன்.

அத்தை மேடையை விட்டு இறங்கி வந்தாள். பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டாள்.

"வச்சுக்க. இது ஒனக்குச் சேர வேண்டியது," என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தாள்.