கிரவலுக்கு வாறண்டி இல்லை

செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வான் வண்டியின் முன் இடப்பக்கச் சில்லு ‘டொக், டொக்’ என்று தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சில்லுக்கு நேர் மேலே உள்ள இருக்கையில்தான் யதுர்ஷிகா இருப்பாள். ஐந்து வயது. பின்னால் ஏற்றினால் குமட்டிச் சத்தி எடுப்பாள் என்று தாய் சொன்னதால் முன் இருக்கை அவளுக்கென்றே ஆகிவிட்டது. மற்றப் பதினொரு பிள்ளைகளும் பின்னால். ஜெயபுரத்திலிருந்து இவர்களைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குவதுதான் என் கணவர் செந்தூரனின் தொழில்.

எங்கள் ஊரில் கராஜ் வைத்திருக்கும் ஏரம்பு அண்ணை வானுக்குக் கீழே படுத்துப் பார்த்தார். எழும்பியவர் கையைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

“தம்பி, சில்லைப் பிடிச்சு வச்சிருக்கிற ‘போல் ஜொயின்ற்’ ஆடுது. கழண்டால் சில்லு மடங்கிப் போகும். இனி இதை ஓடாதை. என்னட்டை ஒண்டு கிடக்கு, ஒரு மணித்தியாலத்தில மாத்தி விடுறன்.”

“ஐயோ அண்ணை, தொட்டிடாதேங்கோ. வவுனியாக் கடையில வாங்கிப் பூட்டி மூண்டு மாசம்தான். ஆறு மாச வாறண்டி இருக்கு. வேற ஆள் கழட்டினால் கடைக்காரன் குடுக்கமாட்டான்.”

“வாறண்டி வந்து சில்லைப் பிடிக்குமோ?”

இவர் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வவுனியாக் கடைக்காரர் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதற்குள் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் பிள்ளைகள் அந்த வானிலேயே போய் வந்தார்கள். நானும் வாசலில் நின்று கை காட்டி அனுப்பினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாறண்டி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கிரவல் கொட்டிய செம்மண் வீதியில் ஓடிய வாகனத்துக்கு வாறண்டி இல்லையாம். எங்கள் பக்கம் வந்து கிரவல் இல்லாத ஒழுங்கை ஒன்றைக் காட்டட்டும், அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆகவே இங்கே வாகனம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வேலைதான் செய்வார்கள். கடைக்குப் போகுமுன் அடியைக் கழுவிச் செம்மண்ணைப் போக்குவார்கள். பிறகு, தார் போட்ட காப்பெற் றோட்டில் மட்டும்தான் ஓடியது என்று முழுப் பொய் சொல்லுவார்கள். சனிக்கிழமை என்னையும் வானில் ஏற்றியது அந்தப் பொய்க்குத்தான்.

“நீரும் சேர்ந்து சொன்னால்தான் நம்புவாங்கள், சுதா” என்றார்.

நான் யதுர்ஷிகாவின் இருக்கையில் ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தத் தட்டல் என் குதிக்காலில் கேட்டது. பரந்தனில் ஒரு சேர்விஸ் நிலையத்தில் நிறுத்தி, குழாயால் சீறி அடிக்கும் தண்ணீரில் அடியைக் கழுவுவித்தார். முதலில் சிவப்பாக ஓடியது. பிறகு அந்தச் சில்லின் பக்கமிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வழிந்தது.

“என்னப்பா கறுப்பா ஓடுது?”

“பழைய ஊத்தை. நீர் சும்மா இரும்.”

கிளிநொச்சி தாண்டியதும் தட்டல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் ‘கீச்’ என்று ஒரு வறட்டுச் சத்தம், திருப்பும்போதெல்லாம் வந்தது. தட்டல் நின்றதற்காக இவர் சந்தோஷப்பட்டார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, ஸ்ரியரிங்கில் விபூதி பூசினார். பிள்ளையாருக்காக நிறுத்தத் தெரிந்த மனுசனுக்கு ஏரம்பு அண்ணைக்காக நிறுத்தத் தெரியவில்லை. ஓமந்தை வரை நான் கைப்பிடியை விடவில்லை.

வவுனியாக் கடைக்காரர் வயதில் இளையவர். நாங்கள் இருவரும் பொய்யைச் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு கீழே போய், ஒரு இடுக்கில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி செம்மண்ணில் சிவந்திருந்தது.

“அண்ணை, அடி இவ்வளவு துப்புரவா இருக்கேக்கையே விளங்கீட்டுது. றப்பர் உறை கிழிஞ்சு கிடக்கு. உள்ளுக்கை இருந்த கிறீஸ் முழுக்கத் தண்ணி அடிச்சுக் கழுவுப்பட்டிட்டுது. வாறண்டி தரேலாது. ஆனால் இதோட ஓடாதேங்கோ. புதுசு ஒண்டு போட்டுக்கொண்டு போங்கோ.”

கறுப்பாக வழிந்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கோ முகம் கறுத்துவிட்டது. பொய் பிடிபட்ட ஆளுக்கு வரும் ரோசம் இருக்கிறதே, அதைப்போல் கேடு கெட்டது வேறில்லை.

“உங்கடை சாமானே எனக்கு வேண்டாம்” என்று வானை எடுத்தார்.

மாங்குளம் தாண்டினோம். பிறகு கேட்டேன்.

“நாளைக்கு ஏரம்பு அண்ணையிட்டைக் குடுக்கிறியளோ?”

“நாளைக்கு அவர் கலியாண வீட்டுக்குப் போறார். திங்கள் பிள்ளையளை இறக்கிப்போட்டுக் குடுக்கிறன்.”

“இந்த வானிலை பிள்ளையளை ஏத்தப் போறியளோ?”

“ஒரு நாள்தானே. மெல்லமா ஓடுவன்.”

“அப்ப யதுர்ஷிகாவையாவது பின்னாலை இருத்துங்கோ.”

“அது சத்தி எடுக்கும்” என்றார்.

எங்கள் கிரவல் வீதிக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. முதல் நாள் பெய்த மழையில் வீதியோர வாய்க்கால் தண்ணீர் நிரம்பி முட்டி நின்றது. இவர் சொன்னபடியே மெல்லமாகத்தான் ஓடினார். திங்கட்கிழமையும் இப்படித்தான் ஓடுவேன் என்று எனக்குக் காட்டுவதுபோல் ஓடினார். வீட்டுக்குக் கால் மைல் இருக்கும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். முன்பக்கம் என் பக்கமாகக் குந்தியது. இவர் ஸ்ரியரிங்கை வலப்பக்கம் திருப்பத் திருப்ப, வான் இடப்பக்கமாகவே போய் வாய்க்காலில் மூக்குக் குத்திச் சரிந்தது.

இறக்கியிருந்த கண்ணாடி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பெல்ற் என்னை இருக்கையோடு இறுக்கிப் பிடித்திருந்தது. பூட்டைத் தேடி அமுக்கினேன், கழலவில்லை. இவர் மேலிருந்து பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் இழுத்தும் கழலவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்து, நெஞ்சுக்கு ஏறி, அங்கே நின்றது.

“ஒண்டுமில்லை சுதா, ஒண்டுமில்லை. நெஞ்சளவுதான்” என்றார் மூச்சு வாங்க.

“எனக்கு நெஞ்சளவு” என்றேன். “அவளுக்கு?”

அவர் தண்ணீரைப் பார்த்தார். என் தலைக்குப் பின்னால், இருக்கையில் யதுர்ஷிகா ஒட்டி வைத்திருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். பிறகு பெல்றைப் பிடித்த கையோடு, ஊரே கேட்க அழத் தொடங்கினார்.