குதிரைமுடி மரியாதை

ஸ்காட்லாந்திலிருந்து விமலன் வீட்டுக்குப் பார்சல் வந்த அன்றே திருச்செல்வமும் வந்துவிட்டார். பார்சலையாவது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. மைத்துனருக்கு அந்த நடைமுறையும் கிடையாது.

பார்சலுக்குள் இருந்தது ஒரு கில்ட். பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட கம்பளித் துணி. இடுப்பில் சுற்றிக்கொண்டால் முழங்காலோடு நின்றுவிடும். போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் விமலனின் ஒரே மகள் மலர், கூட வேலை செய்யும் ஈவன் என்ற ஸ்காட்லாந்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து. விருந்துக்குப் பெண்ணின் அப்பாவும் தங்கள் குடும்பக் கட்டத்தில் கில்ட் கட்டினால் பெருமையாக இருக்கும் என்று சம்பந்தி டங்கன் வீடியோ காலில் கேட்டிருந்தார்.

“வேட்டி கட்டுற பரம்பரைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று விமலன் அப்போதே ஒத்துக்கொண்டார். அந்தப் பரம்பரை இருபது வருடங்களாக ஒட்டுப்பட்டை வைத்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது மனைவி ரமணிக்கு மட்டும் தெரியும்.

பெல்ட், பை, காலுறை, சப்பாத்து எல்லாம் உங்களுக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சம்பந்தி செய்தி அனுப்பியிருந்தார். அந்த ‘வசதி’தான் திருச்செல்வத்துக்குப் பிடிக்கவில்லை.

“வசதியா? மாப்ள, இது என்ன பைஜாமாவா? கில்ட்டுன்னா ஒரு கௌரவம் இருக்கு. நான் எடின்பரோல பாத்தேன்லா.”

அவர் எடின்பரோ போனது உண்மை. ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு போய், பெரும்பகுதியை மழைக்குப் பயந்து ஹோட்டல் அறையில் கழித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து கிள்ளானில் ஸ்காட்லாந்தைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்க முடியாது.

அவர் கையில் ஒரு பை. கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது என்பதால் இடுப்பில் சங்கிலி கட்டி முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளும் ஸ்போரன். வெள்ளிப் பூண், அதிலிருந்து முழங்கால் வரை வழியும் வெள்ளைக் குதிரைமுடி, நடுவில் இரண்டு கறுப்புக் குஞ்சம். இத்தனை நாளும் அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தது. ஓர் ஆட்டுக்குட்டியின் கனம்.

“இத நீங்க போடணும். முழங்கால் வரைக்கும் தடிச்ச கம்பளி சாக்ஸ். உள்ள ஒண்ணும் போடக்கூடாது. அதுதான் ஒரிஜினல்.”

“அண்ணே, ஸ்டேஜ்ல நாலு பக்கமும் பெரிய ஃபேன் வைக்கிறாங்க” என்றாள் ரமணி.

ஒரிஜினல் சிறிது நேரம் யோசித்தது. “சரி, உள்ள மட்டும் உங்க இஷ்டம்.”

விமலன் மறுக்கவில்லை. திருச்செல்வம் வெறும் மைத்துனர் அல்ல, மலரின் தாய்மாமன். கல்யாணம் முடியும்வரை தாய்மாமனைக் கண்ணாடிச் சாமானைப்போல வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்யாணத்தில் மாலையை வேறு யாருக்கோ முதலில் போட்டுவிட்டார்கள் என்று தாய்மாமன் ஒருவர் காரில் ஏறி ஏர்கான் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொந்தமெல்லாம் காரைச் சுற்றி நின்று கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சியதில் முகூர்த்தமே தப்பிவிட்டது. இந்தக் கதையைத் திருச்செல்வம் அடிக்கடி சொல்வார். எச்சரிக்கையாக அல்ல, முன்னுதாரணமாக.

சனிக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை. கம்பளிக் காலுறை பிடரிவரை அரித்தது. நடந்தால் ஸ்போரன் முன்னால் ஆடி, திரும்பி வந்து முட்டியில் இடித்தது.

“பள்ளிக்கூடப் பொண்ணுங்க போடுற பினஃபோருக்கு முன்னாடி தாடி வச்ச மாதிரி இருக்கு” என்றாள் ரமணி.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. காப்பாரிலிருந்து பக்கிரிசாமி பெரியப்பா, வாழைக்குலையோடு. குடும்பத்தில் இருப்பவர்களில் அவர்தான் மூத்தவர்.

பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது தமிழன் கைக்கு மூளையைக் கேட்காமலே வரும் பழக்கம். முழங்காலில் காற்றுப் படுவதை உணர்ந்த விமலனின் கைகள் தாமாகவே கீழே போய், கில்ட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தன. இறங்கவில்லை. குனிந்து இன்னும் பலமாக இழுத்தார். பக்கவாட்டு வார் ‘பட்’டென்று கழன்றது. குதிரைமுடி முகத்தில் அடித்தது.

“இருக்கட்டும் தம்பி, மடிச்சே இருக்கட்டும்” என்றார் பக்கிரிசாமி பெருந்தன்மையோடு. “வீடு கழுவிக்கிட்டு இருந்தியா?”

அவர் போன பிறகு ரமணி வாரைச் சரிபார்த்தாள். “ஸ்டேஜுக்குப் பெரியவங்க எத்தன பேரு வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு இழுப்பீங்களா?”

“கைதான் போவுது. நான் என்ன செய்ய?”

“கைக்கு எதாச்சும் புடிக்கக் குடுங்க.”

அதற்காகவும் அரிக்காத காலுறைக்காகவும் மறுநாள் இருவரும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மைதீனின் கடைக்குப் போனார்கள். கைலியும் துண்டும் கூரைவரை அடுக்கிய கடை. கில்ட்டின் படத்தைப் பார்த்த மைதீன், “நம்ம கைலிதான் boss. வெள்ளக்காரன் துணி பத்தாம தைச்சிட்டான்” என்றார்.

“முட்டி வரைக்கும் மெல்லிசா காட்டன் சாக்ஸ் வேணும்.”

“ஃபுட்பால் சாக்ஸ் இருக்கு. எந்த டீம்?”

“டீம் இல்லப்பா. கல்யாணம்.”

“அப்ப வெள்ளை எடுங்க. எந்த டீமும் கோவிச்சுக்காது.”

கூடவே ஓர் அகலமான பச்சை பெல்ட்டை எடுத்துப் போட்டார். கடைக்காரர்கள் கைலிக்கு மேல் கட்டிக்கொள்வது. முன்னால் இரண்டு பை, அழுத்தி மூடும் பித்தளைப் பொத்தான். விமலன் கட்டிப் பார்த்தார். இடுப்பை அணைத்துக்கொண்டது. ஃபோன் ஒரு பைக்குள் போனது. கட்டைவிரல் இரண்டும் தாமாகவே பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு நின்றன. ரமணி தூர நின்று பார்த்துவிட்டு, பெரியவர் யாரோ வருவதுபோல அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்து, “அங்கிள், வணக்கம்” என்றாள். விமலனின் கைகள் அசையவில்லை.

கைக்கு வழி பிறந்தது. முட்டிக்கு இன்னும் பிறக்கவில்லை.

விருந்தன்று மாலை விமலன் கோட்டுக்குள் பச்சை பெல்ட், கால்சட்டைக்குப் பதில் கில்ட், அதற்குள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான அரைக்கால்சட்டை, வெள்ளைக் காட்டன் காலுறை, பழகிய தோல் சப்பாத்து என்று காரிலிருந்து இறங்கினார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்போரன். கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முட்டியும் சிவந்துவிட்டன. இனி மகளின் கையைப் பிடித்து மண்டபத்தின் நீளத்துக்கும் நடக்க வேண்டும். பிறகு கடைசி விருந்தாளி சாப்பிடப் போகும்வரை மேடையில் நிற்க வேண்டும்.

“ப்பா, நொண்டுறீங்க. அதக் கழட்டிடுங்களேன்” என்றாள் மலர்.

“கழட்டினா உன் மாமா கார்ல போய் உக்காந்துக்குவாரும்மா.”

“அதுக்காக என் கல்யாணத்துல நொண்டிக்கிட்டே வரப்போறீங்களா?”



திருச்செல்வம் வாசலிலேயே நின்றிருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, காற்றோட்டமான செருப்பு. கௌரவத்தை அடுத்தவருக்குப் பரிந்துரைப்பவர்கள் எப்போதும் இப்படித்தான் வசதியாக உடுத்துகிறார்கள். பக்கத்தில் சம்பந்தி டங்கன், அதே கட்டத்தில் நைந்து மிருதுவான கில்ட்டோடு. காலுறை கணுக்கால்வரை சுருண்டு கிடந்தது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாதாரணத் தோல் பை.

அவர் சரியாக உடுத்தவில்லை என்று திருச்செல்வம் அவரிடமே ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். டங்கன் பொறுமையாகக் கேட்டார். விமலன் வந்ததும் குதிரைமுடியைப் பார்த்து, அழகாக இருக்கிறது, எங்கள் ஊரில் பேண்டு வாசிக்கிறவர்கள் அணிவகுப்புக்குப் போடுவார்கள் என்றார்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டாள் ரமணி.

“பெரிய ஆளுங்க மட்டும்தான் போடுவாங்களாம்” என்று மொழிபெயர்த்தார் திருச்செல்வம்.

விமலன் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையின்மேல் அவருக்கு இருந்த பாசம் பொய்யில்லை. கழற்றிக் கையில் கொடுத்தால் அவமானம். ஆனால் பொருள் ஒன்றுதான். கொடுக்கிற விதத்தில்தான் அவமானமும் மரியாதையும் பிரிகின்றன. நேராக நிகழ்ச்சி அறிவிப்பாளரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார்.

ஒலிபெருக்கி முழங்கியது. “இப்பொழுது, மணமகளின் தந்தை, தாய்மாமன் அவர்களுக்கு ஸ்காட்லாந்து முறைப்படி மரியாதை செய்கிறார்!”

விமலன் ஸ்போரனைக் கழற்றி இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். “மச்சான், இது பெரிய ஆளுங்க போடுறது. என் இடுப்புக்கு இது அதிகம். தாய்மாமன் நீங்க இருக்கும்போது நான் போட்டா முறையா?”

அறிவிப்பாளர் ‘மரியாதை’ என்ற சொல்லை இன்னொரு தரம் முழக்கினார். திருச்செல்வம் வாயைத் திறந்தார். மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மரியாதை வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பட்டு வேட்டிக்கு மேல் சங்கிலி ஏறியது. இது தமிழர் வழக்கம் போலும் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இது ஸ்காட்லாந்து வழக்கம் என்று தமிழர்கள் அவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

விமலன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நீளத்துக்கும் நடந்தார். நொண்டவில்லை. மேடையில் பெரியவர்கள் வந்தார்கள், வாழ்த்தினார்கள், போனார்கள். கட்டைவிரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

விருந்தில் திருச்செல்வம், அடுத்த வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்போலக் குதிரைமுடியை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு குஞ்சம் சாம்பாரில் நனைந்திருந்தது.

“அண்ணே, கழட்டி வச்சிட்டுச் சாப்பிடுங்க” என்றாள் ரமணி.

“மரியாதைய யாராச்சும் கழட்டி வைப்பாங்களா? என்ன பேச்சு பேசுற நீ?”

ரசம் வந்தது. மோர் வந்தது. திருச்செல்வம் இந்தப் பக்கம் நெளிந்தார், அந்தப் பக்கம் நெளிந்தார். பிறகு திரும்பாமலே, மெல்லிய குரலில், “மாப்ள, இந்தச் சங்கிலிக் கொக்கி பின்னாடி எங்க இருக்கு?” என்றார்.

விமலன் எழுந்து போய் மண்டபத்துக்கு முதுகு காட்டி அவர் பின்னால் நின்றுகொண்டார். கொக்கி கழன்றது. திருச்செல்வத்தின் வயிறு நிம்மதியாக ஓர் அங்குலம் முன்னால் வந்தது.

“டங்கனுக்குத் தெரிய வேணாம்.”

“தெரியாது மச்சான். பாயசம் ஊத்தச் சொல்லவா?”