நகம் இல்லாத ரெண்டு சேவலு

மூணாவது பொட்டக்கோழியும் செத்துப் போச்சு. காலீல கொட்டாயத் தொறந்தா மூலையில கெடக்குது. முதுகுல ஒத்த எறகு இல்ல, தோலு கிழிஞ்சு செகப்பா தெரியுது. செத்தது மேலயும் ஒரு சேவலு ஏறி நின்னு மண்டையக் கொத்திகினு இருந்திச்சு. காயத்ரி வுட்டா பாரு ஒரு எத்து, சேவலு செவுத்துல மோதி வுழுந்திச்சு.

"போதும்டி திவ்யா. இன்னிக்கு அத்தினி சேவலையும் அறுத்துடணும்."

திவ்யா அவ நாத்தனாரு. "சாமி சேவலுமா அண்ணி?"

"அது தவுத்து மத்ததெல்லாம்."

குஞ்சு வாங்கசொல்ல வண்டிக்காரன், எல்லாம் பொட்ட தான்க்கான்னு சத்தியம் பண்ணான். வளந்து பாத்தா இருவதுல ஒம்போது சேவலு. ஒம்போதும் செவல, அச்சுல வாத்தா மாரி. அதுல ஒண்ணு மட்டும் ஏரிக்கர முனீஸ்வரனுக்கு நேந்துகினது. மூணு மாசம் முன்னாடி அவ புருசன் மோகன் லாரி நெம்மேலி கிட்ட கவுந்துச்சு. ஏழு நாளு அவன் கண்ணு தொறக்கல. "ஆள உசுரோட குடு, ஆடியில சேவல் அறுக்கறேன்"னு வேண்டிகினு, ஒண்ணப் புடிச்சு எடது கால் கடைசி வெரல் நகத்த அடியோட வெட்டி அடையாளம் வெச்சா. எட்டாம் நாளு மோகன் தண்ணி கேட்டான்.

அண்டாவுல தண்ணி கொதிச்சுது. திவ்யா காலையும் றெக்கையும் அமுக்கிப் புடிக்க, காயத்ரி கழுத்துல கத்தி வெச்சா. அறுத்ததத் தூக்கிப் போட்டா, தலையில்லாம நாலு அடி ஓடி செவுத்துல ரத்தம் அடிச்சிட்டு வுழுந்திச்சு. ஒவ்வொண்ணுக்கும் மொதல்ல காலப் பாத்தா, அப்பறம் தான் கத்தி. ஏழு முடிஞ்சுது. எட்டாவதத் தூக்கனா நகம் இல்ல.

"இதான் சாமிது. கெட்டியா புடிச்சிக்கோ."

கடைசி சேவலு கழுத்துல கத்தி வெச்சிட்டா. பழக்க தோசத்துல காலப் பாத்தா. அதுலயும் எடது கால் கடைசி வெரல்ல நகம் இல்ல.

கை அப்படியே நின்னு போச்சு. ஏதோ ஒண்ணு கம்பி வலையில மாட்டி நகத்தப் பிச்சிகினு இருக்கும். ஆனா எது வலையில பிச்சிது, எது இவ வெட்டுனது? ரெண்டும் ஆறிப் போயி ஒரே மாரி கீது.

கட்டில்ல, எலும்புக்கு ப்ளேட் வெச்ச கால நீட்டிகினு இருந்த மோகன் சிரிச்சான். "ஏதோ ஒண்ண அறு. முனி இன்னா ரேசன் கார்டா கேக்கப் போறாரு?"

"வாய மூடு மாமா. அது உன் உசுரு. அதயே அறுத்து கொழம்பு வெச்சிட்டா?"

அந்தப் பேச்சுல திவ்யா கை தளந்திச்சு. சேவலு துள்ளிப் பாஞ்சு, காயத்ரி கையில இருந்தது மேல வுழுந்திச்சு. ரெண்டும் கட்டிப் பொரண்டுச்சு. கொண்டையக் கடிச்சு இழுக்குது, எகிறி எகிறி நெஞ்சுல அடிக்குது. காயத்ரி நடுவுல கை வுட்டா. ஒரு கால் முள்ளு அவ மணிக்கட்டக் கிழிச்சிடிச்சு. கூடையக் கவுத்து பிரிக்கறதுக்குள்ள ஒண்ணுக்கு கண்ணு பிதுங்கி வெளிய தொங்குது.

திவ்யா அழுதுட்டா. "ஊனமானது சாமிக்கு ஆவாதே அண்ணி. இதுவே நேந்ததா இருந்தா?"

மோகன் இப்ப சிரிக்கல. "இன்னா பண்ணப் போற?"ன்னான்.

காயத்ரி கையில துணி சுத்திகினா. ரெண்டு சேவலு காலையும் ஒண்ணா சேத்துக் கட்டுனா. "கண்ணு போனது செத்துடும், ஆடி வரைக்கும் காக்க முடியாது. ரெண்டயும் இப்பவே குடுத்துடலாம். எழுந்திரு மாமா."

ஏரிக்கரையில பூசாரி திருநாவுக்கரசு பாத்ததுமே மொகத்த சுளிச்சாரு. "ஒத்தக் கண்ணா? வாணாம்மா. நல்லத மட்டும் அறு, இதத் தூக்கிப் போடு."

"எது நேந்ததுன்னு தெரியல அண்ணாத்த."

"தெரியலன்னா நல்லது தான் நேந்ததுன்னு வெச்சிக்க."

"அப்படி வெச்சிக்க முடியாது."

"ஊனத்த சாமி ஏத்துக்காதுன்றேன்!"

காயத்ரி திரும்பி மோகனப் பாத்தா. கம்ப ஊனிகினு, வளைஞ்ச கால தரையில வெக்காம நின்னுகினு இருந்தான்.

"நான் முழுசா தான் கேட்டேன் அண்ணாத்த. இப்படித் தான் குடுத்தாரு. நான் வாணாம்னு திருப்பி அனுப்பலியே."

பூசாரி மோகன் காலப் பாத்தாரு, நவுந்து வழி வுட்டாரு.

அவ ஒத்தக் கண்ணு சேவலையே மொதல்ல எடுத்தா. ஏழு கழுத்து அறுத்த கத்தி, மொக்கையா போயி கெடந்திச்சு. ரெண்டு தரம் இழுத்தும் பாதி தான் அறுந்திச்சு. மூணாவது இழுப்புல ரத்தம் பீச்சி மோகன் லுங்கியெல்லாம் அடிச்சிது. அவ மணிக்கட்டு துணியும் நனைஞ்சு, எது அவ ரத்தம் எது சேவலு ரத்தம்னு தெரியல. கத்தி கையில வழுக்கிச்சு.

மோகன் கம்பக் கீழ போட்டான். பல்லக் கடிச்சிகினு ஒரு கால நீட்டி தரையில குந்துனான்.

"கத்தியக் குடு. இது என் உசுருக்கு நேந்தது தானே? நானே அறுக்கறேன்."

நல்ல கால்ல இன்னொரு சேவலு றெக்கைய மிதிச்சிகினு கழுத்த வளைச்சான். கண்ண மூடிகினான்.

காயத்ரி அவன் கை மேல கை வெச்சு அமுக்குனா.

"கண்ணத் தொற மாமா. உன் வெரல அறுத்துக்கப் போற."