தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை

சுருளிராஜனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பந்தியில் அப்பளம் உடைந்து வந்தால் போதும், அந்த வீட்டாரோடு ஒரு வருஷம் பேச்சு கிடையாது. அனுமந்தன்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைவிட நல்ல விளைச்சல் வீம்பில்தான்.

அப்படிப்பட்டவருடைய ஃபோனுக்கு, தங்கச்சி புருஷன் கர்ணன் நம்பரிலிருந்து காலையிலேயே ஒரு செய்தி வந்தது. ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ். திறந்து பார்க்கவும்.’ கீழே ஒரு ஃபைல்.

தங்கச்சி பாண்டீஸ்வரிக்கு ஒரே மகள், அபிதா. அவளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் இவர். பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீடு தேடி வந்து கொடுக்க வேண்டும். குலசாமிக்கு அடுத்த பத்திரிகை இவருக்குத்தான். அவரைக் கேட்டால், குலசாமி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்பார்.

“தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகையா?” என்று கத்தினார்.

“மாப்பிள்ளை யாருன்னாவது தொறந்து பாருங்க” என்றாள் மனைவி முத்துமாரியம்மாள்.

“மருவாதி இல்லாத பத்திரிகைய எவன் தொறப்பான்?”

உடனே குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “அண்ணன் செத்துட்டான்னு அவ தலை முழுகிறட்டும். இனிமே அந்த வாசப்படிய மிதிச்சா நான் சுருளிராஜன் இல்ல.” தங்கச்சியை வளர்த்த லட்சணம் சரியில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்ததே தான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. நேரில் நாலு வார்த்தை கேட்டால்தான் சோறு இறங்கும் என்று பைக்கை எடுத்தார். தங்கச்சி ஊரான மார்க்கையன்கோட்டை வரும்வரை திட்டிப் பழகிக்கொண்டே வந்தார்.

வாசலிலிருந்தே பார்த்தார், தங்கச்சி வீட்டில் கல்யாணக்களை எதுவும் இல்லை. கர்ணன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், அந்த ஃபைலத் தொறந்துட்டீகளா?”

“நான் எதுக்குத் தொறக்கணும்?”

“தப்பிச்சீக! அது பத்திரிகையே இல்ல, திருட்டு ஆப்பு. உரக்கடைக்காரர் நம்பர்ல இருந்து எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. தொறந்தேன், இன்ஸ்டால் பண்ணுன்னுச்சு, அதையும் அமுக்கிட்டேன். பேங்குல இருந்ததத் தொடச்சு எடுத்துட்டு, என் நம்பர்ல இருந்தே ஊருக்கெல்லாம் அனுப்பிட்டாய்ங்க. சைபர் கிரைம் போலீசு நம்பர் 1930-க்கு அடிச்சுச் சொல்லியிருக்கேன். எந்தப் பத்திரிகையாவது இன்ஸ்டால் பண்ணச் சொல்லுமான்னு இப்பத்தான் புத்தி வருது.”

“அப்ப அபிதா கல்யாணம்?”

“ஒங்களக் கேக்காம எப்படி மச்சான் கல்யாணம் வைப்போம்?”

சுருளிராஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரே ஏமாந்த இடத்தில் தான் ஒருவர் தப்பித்திருக்கிறோம். வெட்கமே இல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாத்ததுமே தெரிஞ்சு போச்சு மாப்ள, இது களவாணித்தனம்னு. மனுசன் உசாரா இருக்கணும்.”

அப்போது உள்ளேயிருந்து பாண்டீஸ்வரி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையிலிருந்த ஃபோனில் அண்ணன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. குரூப்பில் இருந்த அத்தனை சொந்தமும் அதைக் கேட்டு முடித்திருந்தது.

“பத்திரிகை அனுப்புனது எவனோ களவாணிப்பய. இது யாருண்ணே? இதுவும் அவந்தானா?”

சுருளிராஜன் குனிந்து பார்த்தார். ஒரு கால் வாசப்படிக்கு உள்ளே இருந்தது. அதை வெளியே எடுக்கவும் முடியவில்லை, மற்றதை உள்ளே வைக்கவும் முடியவில்லை.