அமுக்கிப் பார்க்காத பிரேக்

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்த வண்டியை எடுக்க வருகிறவன் என் கண் முன்னால் பிரேக்கை அமுக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "என் கை பட்ட வண்டியில பிரேக்கை அமுக்கிப் பாக்குறவன் அடுத்த தடவை வேற இடம் பாத்துக்கலாம்" என்பேன். மூன்று பேர் அப்படிப் போயே போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதையெல்லாம் சாப்பிடும்போது பெருமையாக அளப்பேன். பத்தொன்பது வருஷமாக என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டேதான் பரிமாறுகிறாள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்க்கிறவள். என் பெரிய வண்டியின் பின்னால் உட்கார்ந்தால் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று வழி முழுக்க உயிரை எடுப்பாள். வண்டி அப்படி. நாலு சிலிண்டர், இருநூற்று முப்பது கிலோ. சாய்ந்துவிட்டால் நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதை நான் யாருக்கும் தருவதில்லை, மச்சினனைத் தவிர.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி, அதனால் வீட்டில் அவனுக்குத் தீக்குச்சி என்று பெயர். டாக்டர் என் மனைவியைத் தினமும் நடக்கச் சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடப்பேன் என்றாள். ஞாயிறு காலையில் தீக்குச்சி வந்து, அக்காவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்தில் விட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து அழைத்துவருவான். எனக்கும் வசதி, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைக்க உட்கார்ந்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்திருந்தது. ஆறு மாதத்தில் இது இரண்டாவது தடவை. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் கட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரம் உயரத்திலிருந்து தடால் தடால் என்று விழுந்தால்தான் உள்ளே பேரிங்கில் அப்படிக் குழி விழும். பின்பக்கம் குனிந்தேன். நம்பர் பிளேட்டின் கீழ் விளிம்பு தரையில் உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

வீலிங்! என் வண்டியை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தி விளையாடியிருக்கிறான் தீக்குச்சி. நேரில் கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பான், எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் அவமானமும் படுத்த வேண்டும்.

பெரிய வண்டியை ரோட்டில் ஓட்டுகிறவன் பின் பிரேக்கை அநேகமாகத் தொடவே மாட்டான், முன் பிரேக்கே போதும். வீலிங் செய்கிறவன் கதை வேறு. முன்பக்கம் அளவுக்கு மேல் எழும்பி வண்டி மல்லாக்கப் போகும்போது, பின் பிரேக்கை மிதித்தால்தான் சக்கரம் கீழே இறங்கும். அவன் உயிரே அந்தப் பெடலில்தான் இருக்கிறது. அதனால் அதை அமுக்கிப் பார்க்காமல் எவனும் வண்டியைத் தூக்க மாட்டான். நான் பெடலிலிருந்து போகும் கம்பியின் நட்டைத் தளர்த்திவிட்டேன். மிதித்தால் கால் தொபுக்கென்று இறங்கும், ஒன்றும் பிடிக்காது. தூக்கப் போகிற நேரத்தில் அமுக்கிப் பார்ப்பான், முகம் செத்துப்போகும், அசடு வழிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "இவ்ளோ நேரம் வண்டியில என்ன வேலை?"

"முழுசாப் பாத்துட்டேன். பின் பிரேக் வரைக்கும்."

"எல்லாம் சரியா இருக்குல்ல?"

"என் கை பட்டுச்சுன்னா அப்புறம் என்ன கேள்வி?"

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் இருவரும் கிளம்பியதும் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். மைதானம் வந்தது. வண்டி நிற்கவில்லை. மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்பக்கம் திரும்பியது. அங்கே லாரிகள் நிற்பதற்காகப் போட்ட நீளமான சிமென்ட் தளம் உண்டு. அக்காவையும் கூட்டு சேர்த்துக்கொண்டானா! ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நடந்தேன்.

எஞ்சின் உறுமியது. எட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஹெல்மெட் போட்ட உருவம் முன்சக்கரத்தை இடுப்பளவு தூக்கிக்கொண்டு கோடு போட்டதுபோல் போனது. கொஞ்ச தூரம்தான். ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியைத் தளர்த்தியதும் சக்கரம் பூப்போல இறங்கியது. திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பாவி, என்ன அழகாகத் தூக்குகிறான்!

"மாமா?"

பக்கத்தில் சுவர் நிழலில் தீக்குச்சி நின்றுகொண்டிருந்தான். தோளில் என் மனைவியின் கைப்பை, கையில் தண்ணீர் பாட்டில்.

அவனைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன். மறுபடி அவனைப் பார்த்தேன். என் மூளை நகர மறுத்தது. அவளுடைய நடைப்பயிற்சி ஷூ ஞாபகம் வந்தது. இடது ஷூவின் மேல்பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. மட்டமான ஷூ என்று கடைக்காரனைத் திட்டியிருந்தேன். நடந்தால் அடிப்பக்கம்தானே தேயும்? கியர் போட்டால்தான் மேல்பக்கம் கிழியும். முப்பது வருஷ மெக்கானிக் எனக்குக் கண் அவிந்தா போயிருந்தது?

"மாமா, கோவப்படாதீங்க. அக்கா ரெண்டு வருஷமாப் பழகுறா. உங்க பிறந்த நாளைக்குக் காட்டணும்னு இருந்தா. இன்னைக்குத்தான் முதல் தடவையாத் தளம் முழுக்க..."

"பிரேக்!" என்று கத்தினேன். "டேய், பின் பிரேக் இல்லடா!"

ஓடினேன். இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினேன். அவள் வண்டியைத் திருப்பி எதிரே வந்துகொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்சக்கரம் எழுந்தது. இடுப்பைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது. அவள் முகம் ஹேண்டிலுக்குப் பின்னால் மறைந்துபோனது. வலது கால் பெடலை மிதிப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை மிதிப்பதற்குள் வண்டி செங்குத்தாக நின்றது. நம்பர் பிளேட் தரையில் கிறீச்சிட்டது. அவள் பின்பக்கமாக வழுக்கி விழுந்து உருண்டாள். வண்டி தனியாகப் போய்ச் சாய்ந்து, பொறி பறக்க இழுத்துக்கொண்டு நின்றது.

நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். உயிர் இருந்தது. வலது மணிக்கட்டு மட்டும் இருக்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று தீக்குச்சி பிற்பாடு சொன்னான், எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன். வலியைவிடக் குழப்பம்தான் அவள் முகத்தில் அதிகம் இருந்தது.

"பிரேக் பிடிக்கலைங்க" என்றாள். "எல்லா வாரமும் அமுக்கிப் பாத்துட்டுத்தான் தூக்குவேன். இவனைக் கேளுங்க. இன்னைக்குத்தான் பாக்கல. நேத்து நீங்க பாத்த வண்டியாச்சே."

பொய் சொல்ல வாய் வந்தது. கம்பி அறுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

"நான்தான் லூஸ் பண்ணேன்" என்றேன். "வீலிங் பண்றது இவன்னு நெனச்சேன். எப்படியும் அமுக்கிப் பாப்பான்னு..."

தீக்குச்சியின் கையிலிருந்து பாட்டில் நழுவியது. "எனக்கா மாமா வச்சீங்க?" என்றான்.

அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். அந்தக் கையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் தம்பியின் கையைப் பிடித்து, ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.